சரோஜா ஆண்டியைச் சிங்கப்பூருக்கு அனுப்பிய கதை

தலைக்கனம் வர அறிவெல்லாம் தேவையில்லை. கழுத்தில் தொங்க ஓர் அலுவலக அட்டை போதும். எனக்கு அது பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் கிடைத்தது. (ஒப்பந்த வேலைதான். அட்டையில் அது தெரியாது.)

நாட்டில் எந்தத் துறைக்கு எத்தனை சிறப்பு மருத்துவர்கள் உண்மையிலேயே வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணுவது எங்கள் பணி. வீடு வீடாகப் போய் அல்ல. மருத்துவமனைகளில் அன்றாடம் பதிவாகும் சிகிச்சை விவரங்களை வைத்து. பெயர்கள் மறைக்கப்பட்டு, ஆளுக்கொரு குறியீடாக வரும். அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை. "டேய் ரவி, அதுல கல்யாணம் ஆகாத டாக்டரு யாருன்னு பாருடா, அக்காவுக்கு ஆகும்" என்பார்.

ஒரு நாள் மேலதிகாரி புவான் (திருமதி) சல்மா கூப்பிட்டார். மாதிரிக்கு ஒரு வாரப் பதிவுகளை எடுத்து, பினாங்குத் தீவின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். கேட்க மருத்துவர்களே வருவார்கள். நன்றாகச் செய்தால் வேலை நிரந்தரம். அம்மா அன்று மாலையே ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டின் அத்தனை மாடிக்கும் செய்தி சொல்லிவிட்டார், நிரந்தரம் ஆகிவிட்டதாகவே.

எந்த வாரத்தை எடுப்பது? அப்போதுதான் தீபாவளி விடுமுறை முடிந்து, வயிறு நிறைய அதிரசத்தோடு வேலைக்குத் திரும்பியிருந்தேன். சுடச்சுட வந்திருந்த கடைசி வாரத்தையே எடுத்துக்கொண்டேன். புதுசுதானே நல்லது! (மீன் வாங்கும் புத்தி.)

எடுத்தால், அடேயப்பா! எங்கள் விவரத்தில் குழந்தைகளுக்கான இதய நிபுணர்கள் இருவர். அதில் ஒருவரின் குறியீட்டில் ஒரு சிகிச்சைகூட இல்லை. சிகிச்சை இல்லையென்றால் ஆளில்லை. ஆளில்லையென்றால் எங்கே போயிருப்பார்? சம்பளம் அதிகமுள்ள சிங்கப்பூர்தான், வேறெங்கே! பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு குட்டி விமானம் பறக்கிற மாதிரி படமே செய்துவிட்டேன்.

மண்டபம் நிறைய மருத்துவர்கள். இழவு வீட்டுக்குரிய குரலை வரவழைத்துக்கொண்டு, "குழந்தைகளுக்கான இதய நிபுணர்கள் இருவரில் ஒருவர் நம் நாட்டை விட்டே போய்விட்டார்" என்றேன். விமானம் பறந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். உற்சாகம் தாங்கவில்லை எனக்கு. "மற்றவர் தனியாளாக நொறுங்கிக்கொண்டிருக்கிறார்!" என்றேன்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார். அம்மாவின் பள்ளித் தோழி சரோஜா ஆண்டி. அவர் டாக்டர் என்பது தெரியும். என்ன டாக்டர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாட்டிலுள்ள நிபுணர்களையெல்லாம் துறைவாரியாக எண்ணிய எனக்கு, அவர் காய்ச்சலுக்கு மாத்திரை சொல்லும் ஆண்டி, அவ்வளவுதான்.

"தம்பி, அந்த ஆளு நான்தான்லா" என்றார். "சிங்கப்பூருக்கெல்லாம் போகல. உங்க வீட்டு தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தேன். நீதானே தட்டுல கொண்டாந்து வச்ச? இன்னொரு தட்டு கேட்டதுக்கு மூஞ்ச வேற தூக்கி வச்சுக்கிட்ட!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அவருக்குப் பக்கத்திலிருந்த டாக்டர் லிம் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, நொறுங்கியது தான்தான் என்று ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டார். தீபாவளிக்கு ஆண்டியின் வேலையை லிம் பார்ப்பாராம். சீனப் புத்தாண்டுக்கு லிம்மின் வேலையை ஆண்டி. இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம்! நான் லீவில் இருந்த அந்த வாரம் என் வேலையைப் பார்த்ததும் பக்கத்து மேசைச் சீனப் பெண்தான். என் கணக்குப்படி நானும் சிங்கப்பூரில்தான் இருந்திருக்க வேண்டும்.

படத்தை நிறுத்தலாம் என்று பித்தானை அழுத்தினேன். அது தவறான பித்தான். விமானம் மறுபடி பறந்தது. மறுபடியும் பறந்தது. புவான் சல்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "காலண்டர் தெங்கோக் டுலுலா, ரவி!" என்றார். முதலில் காலண்டரைப் பார்க்கச் சொல்கிறார். அதுவரை அது எனக்குத் தோன்றவேயில்லை.

நிரந்தரம் ஓராண்டு தள்ளிப்போனது. அவமானத்தில் பிளாட்டில் எந்த மாடி ஆள்களையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இப்போதெல்லாம் ஒரு வருட விவரத்தை முழுக்கப் பார்க்காமல் யாரையும் 'இல்லை' என்று நாங்கள் சொல்வதில்லை.

ஆனால் தீபாவளி வந்தால் போச்சு. சரோஜா ஆண்டி எங்கள் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "ரவி! ஆளு இருக்கேன்லா, எண்ணிக்கோ!" என்று கத்துவார். நான் வந்து "ஒண்ணு" என்று சத்தமாகச் சொன்னால்தான் அம்மா கதவைத் திறப்பார். வந்தவர்கள் எல்லாரும் வரிசை கட்டி நிற்பார்கள், தங்களையும் எண்ணச் சொல்லி.

ஆண்டி கிளம்பும்போது அம்மா ஒரு டப்பா நிறைய முறுக்கை அவர் கையில் திணிப்பார்.

"இது அந்த நொறுங்கிப் போன டாக்டருக்கு. பாவம், இன்னிக்கும் அவருதானே டியூட்டி?"