விசிலுக்குக் காத்திருந்த மாப்பிள்ளை

ரயில் ஏற்றிவிடப் போகிறவன் பிளாட்பாரத்தோடு நின்றுகொள்ள வேண்டும். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற, ஒரு கண்டத்தையே கடக்கும் ரயில் தேவைப்பட்டது.

மாமனாரும் மாமியாரும் திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு, கடலிலிருந்து கடலுக்கு ரயிலில் போக வேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. நானோ மாதக்கணக்காக வேலையில்லாமல் இருந்து, ஒரு வழியாக செவன் ஹில்ஸில் ஒரு கம்பெனியில் மறுநாள் காலை சேர வேண்டியவன். (மாமாவுக்கு என் மேல் அப்போதுதான் லேசாக நம்பிக்கை துளிர்த்திருந்தது.)

பெட்டியை வைத்துவிட்டு இறங்கிவிடுகிறேன் என்று ஊழியரிடம் கெஞ்சி உள்ளே ஏறினேன். சாப்பாடெல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம் என்று சொல்லியும் மாமி ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரை கட்டியிருந்தார். அதற்கு இடம் தேடுவதற்குள் மாமா ரயில் வரலாற்றைத் தொடங்கிவிட்டார். அந்தக் காலத்தில் மாநிலத்துக்கு மாநிலம் தண்டவாளத்தின் அகலம் மாறுமாம்; பெர்த் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு வழியெல்லாம் வண்டி மாறினார்களாம்.

"இப்ப பாருங்க மாப்பிள்ளை, ஏறினா இறங்கவே வேண்டாம்" என்றார்.

வெளியே என் மனைவி மாலதி கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். நான் பதிலுக்கு டாட்டா காட்டினேன். விசில் ஊதியதும் இறங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம்தான். எழும்பூரில் வண்டி நகர்ந்த பிறகும் நாலு வார்த்தை பேசிவிட்டுக் குதித்த பரம்பரை நாங்கள். இங்கே விசிலும் இல்லை, குலுக்கலும் இல்லை. மாலதி மட்டும் மெதுவாகப் பின்னால் போனாள். கதவுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது.

எங்கள் ரயில் பெட்டியைக் கவனித்துக்கொண்ட ஊழியர் தர்ஷினி, மெல்போர்ன் மல்கிரேவில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொள்வதாகப் பெருந்தன்மையோடு அவரிடம் சொன்னேன்.

"அடுத்தது புரோக்கன் ஹில் அண்ணை. விடியத்தான் போய்ச் சேரும்."

அந்த நேரம் பார்த்து செவன் ஹில்ஸே ஜன்னலில் வந்து போனது. அடுத்து நாங்கள் குடியிருக்கும் பிளாக்டவுன். வண்டி எதையும் மதிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. மாமி தட்டில் புளியோதரை வைத்து நீட்டினார். (சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.)

மாமா எழுந்து தர்ஷினியிடம் போனார்.

"இவருக்கு நாளைக்குப் புது வேலைம்மா. வேணும்னா நாங்களும் இறங்கிடுறோம். எங்கயாவது நிறுத்தச் சொல்லுங்க."

எத்தனை வருட ஆசை அது!

"பயப்பிடாதேங்கோ, கேட்டுப் பாக்கிறன்" என்று போனார் தர்ஷினி. சிக்னலுக்காக மலைமேல் ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றபோது என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். நல்ல குளிரில், ரப்பர் செருப்பும் மாமி கையில் திணித்த தூக்குவாளியுமாக நின்றேன். மாமா ஜன்னலில் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே போனார். மறுநாள் நேரத்துக்கு வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் "மாப்பிள்ளை இறங்கிட்டாரா?" என்று மாமா திருச்சியிலிருந்து போனிலாவது கேட்காமல் இருந்ததில்லை. கடைசியாக வந்து ஊர் திரும்பியபோது, விமான நிலையத்தில் பயணிகள் மட்டும் போகும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "நல்லவேளை, இதுக்கு மேல உங்களை விடமாட்டாங்க" என்றார்.

போன வருடம் மாமா காலமானார். இப்போது மெல்போர்னில் படிக்கும் என் மகள், சிட்னியில் ரயில் ஏறும்போதெல்லாம் தாத்தா குரலில் "மாப்பிள்ளை இறங்கிட்டாரா?" என்கிறாள். நான் ஏறுவதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும், "இறங்கிட்டேன் மாமா" என்று பிளாட்பாரத்தில் நின்று சொல்கிறேன்.