வண்டியே வராத பாதைக்காரர்

வண்டியே வராத பாதைக்காரரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஓர் இனம் இருப்பதுதான் தெரியாது. அவர் உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கலாம், உங்கள் தலைக்கு மேல் மாடியில் குடியிருக்கலாம், நீங்கள் என்னைப் போலக் கொடுத்துவைத்தவர் என்றால் உங்கள் அக்காவையே கட்டியிருக்கலாம். வார நாட்களில் அவரை அடையாளம் காண்பது கஷ்டம். எல்லாரையும் போலக் குடை வைத்திருப்பார், எல்லாரையும் போலக் குடையை மறந்து வைத்துவிட்டு வருவார். வார இறுதி நெருங்கியதும் கண்ணில் ஒரு பளபளப்பு வரும். நெருங்கி வருவார். தோளில் கை போடுவார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். வேலை போய்விட்டதா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று நாம் நாலையும் நினைத்து முடிப்பதற்குள் வாயைத் திறப்பார்.

"ஆத்தோரமா ஒரு சைக்கிள் பாதை கண்டுபிடிச்சிருக்கேன். ஒரு வண்டி கிடையாது. ஒரு ஆள் கிடையாது. மேடுங்கற பேச்சே கிடையாது. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளியில விட்டுடாதீங்க."

கண்டுபிடித்தாராம்! அந்தப் பாதை அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே கிடக்கிறது. ஆறு அதற்கும் முன்பிருந்து கிடக்கிறது. வாத்துகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகின்றன. அவற்றில் ஒன்றாவது இதுவரை நம் தோளைத் தொட்டு அழைத்து, "உங்ககிட்ட மட்டும்தான்" என்று சொன்னதுண்டா?

சரி, ஆசைப்பட்டு அவரோடு கிளம்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மேடு வரும். மேடுங்கற பேச்சே இல்லை என்றாரே? "இது மேடு இல்ல, பூமி லேசா மூச்சு இழுக்குது" என்பார். நீங்கள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நாக்கு வெளியே வந்து, அந்த மூச்சைக் கடந்ததும் "இனிமே எல்லாம் இறக்கம்தான்" என்பார். இறக்கம் வராது. "இன்னும் ஒரே ஒரு வளைவு" என்பார். அந்த வளைவுக்குப் பின்னால் அதன் தம்பி இருக்கும்.

மணி அடிக்க மாட்டார். மணிச் சத்தம் ஆற்றங்கரை அமைதியைக் கெடுக்குமாம். அதனால், எதிரே யாராவது வந்தால், "ஓரம்! ஓரம்! ஓரம் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவார். பாடிக்கொண்டிருந்த குருவி பாட்டை மறந்து பறந்துபோகும். அவர் பெருமையோடு திரும்பி, "பாத்தியா, மணியே தேவைப்படல" என்பார்.

இவையெல்லாம்கூடப் பரவாயில்லை. இந்த இனத்தின் உச்சகட்டச் சடங்கு ஒன்று உண்டு. மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஓரிடத்தில் என் அத்தான் பிரேக்கைப் பிடிப்பார். கையை உயர்த்துவார். எல்லாரும் நிற்க வேண்டும்.

"கேளு, மாப்ள. கேக்குதா?"

"என்ன அத்தான்?"

"நல்லாக் கேளு."

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்! அதைத்தான் சொல்றேன்! ஒண்ணுமே கேக்கலல்ல? நகரத்துல இது கிடைக்குமா? எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் கிடைக்குமா? நான் மொதல் தடவை இங்க வந்தப்ப என்ன நடந்துச்சு தெரியுமா?"

அந்த முதல் தடவைக் கதை அடுத்த பாலம்வரை வரும். அமைதியைப் பற்றி அவ்வளவு நேரம், அவ்வளவு சத்தமாகப் பேசக்கூடிய மனிதரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். காலையில் காதில் கருவியை மாட்டினால் மாலையில் கழற்றும்வரை யார் வீட்டுக் குழாய் எங்கே ஒழுகுகிறது, ஏன் ஒழுகுகிறது, அதற்கு அவளுடைய பரம்பரையில் யார் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தக் காது வழியாகத்தான் போகும். வீட்டுக்கு வந்தால் அத்தான்.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அத்தான் பெருந்தன்மையோடு கேட்டார்.

"ஒரு மணி நேரம்" என்றாள் அக்கா.

"என்ன ஒரு மணி நேரம்?"

"ஒரு மணி நேரம் என் காதுல யாரும் எதுவும் சொல்லக் கூடாது. நீங்களும்தான்."

"ப்பூ, இவ்வளவுதானா! ஞாயித்துக்கிழமை ஆத்தோரம் போறோம். ஈ காக்கா இருக்காது."

"கிடைக்கலேன்னா என் சைக்கிளை யாருக்காவது குடுத்துடுவேன். உங்களுதையும் சேத்து."

அத்தான் தன் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சைக்கிளை அவர் கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். விருந்தாளிகள் நாங்கள் சுவரோரம் ஒண்டிக்கொள்வோம். இருந்தாலும் சமாளித்துக்கொண்டு, "பந்தயம்!" என்றார். அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், நீயும் வர்ற. சாட்சிக்கு." மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், தலைவலி மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

ஞாயிறு காலை. சந்து பொந்தெல்லாம் புகுந்து, பாதை தொடங்கும் பாலத்தடிக்கு வந்தோம். அங்கே கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கார் தலையிலும் கொம்பு முளைத்ததுபோல இரண்டு சைக்கிள், மூன்று சைக்கிள். வண்டியே வராத பாதைக்குள் நுழைய வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. அதைத் தாண்டி உள்ளே போனால், கண்ணுக்கு எட்டியவரை ஹெல்மெட்டுகள். வாத்துகள் குடும்பத்தோடு எதிர்க்கரைக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தன.

முதலில் எங்களைப் பார்த்தவர் அத்தானின் பல் டாக்டர். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ரகசியமாகச் சிரித்தார்.

"சார், சத்தியமா யார்கிட்டயும் சொல்லல. என் தங்கச்சி வீட்டுக்கு மட்டும்தான்."

தங்கச்சி வீடு பின்னால் வந்தது. மாமனார், மாமியார், கொழுந்தனார், கொழுந்தனாரின் அலுவலகம். பல் டாக்டரிடம் அத்தான் எப்போது சொன்னார் என்கிறீர்களா? வாயில் பஞ்சு அடைத்திருந்தபோதுதான். இவருக்கு அதெல்லாம் ஒரு தடையா?

அடுத்து, முடி வெட்டுபவர். "நானும் வாயே திறக்கல சார், கடைக்கு வர்றவங்களைத் தவிர."

அடுத்து, அத்தானின் மேனேஜர். எதிர்வீட்டு வாத்தியார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து, "அட, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரே சமயத்தில் கேட்டார்கள். போதாதற்கு அந்தப் பாதையில் ஒரு வண்டியும் வந்தது. ஐஸ்கிரீம் வண்டி. பாட்டுப் பாடிக்கொண்டே வந்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதராக இருந்தால் ஆற்றில் குதித்திருப்பார். நம் ஆள் சைக்கிளைவிட்டு இறங்கிப் பாதை நடுவில் நின்று, இரண்டு கையையும் வீசிப் போக்குவரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார். "ஓரம்! ஓரம்! டாக்டர், உங்க கொழுந்தனாரை உள்ள இழுங்க!" கிடைத்த இடைவெளியில் என்னிடம், "கவலைப்படாத மாப்ள. இதைவிட அமைதியா இன்னொண்ணு தெரியும். அந்தப் பழைய மதகுக்குப் பின்னால..." என்றார். சுற்றியிருந்த ஹெல்மெட் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின.

அப்போதுதான் பார்த்தேன். அக்காவைக் காணோம்.

ஆற்றை எட்டிப் பார்த்தேன். புதரை விலக்கிப் பார்த்தேன். ஐஸ்கிரீம் வண்டிக்குள்ளும் பார்த்தேன். அத்தான் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். கடைசியில் எடுத்தாள். அத்தான் அதை ஒலிபெருக்கியில் வைக்க, பல் டாக்டர் குடும்பம் உட்பட எல்லாரும் காதை நீட்டினோம்.

"எங்கம்மா இருக்க?"

"சொல்ல மாட்டேன்."

"அங்க என்ன, சத்தமே கேக்கல?"

"ஆமா" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

அத்தானை அப்படி நான் பார்த்ததே இல்லை. தனக்குத் தெரியாத அமைதி ஒன்று இந்த ஊரில் இருக்கிறது, அது தன் மனைவியிடம் இருக்கிறது! வீடு திரும்பும்வரை வாயைத் திறக்கவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

மாலையில் அக்கா வந்தாள். முகம் கழுவித் துடைத்த கண்ணாடிபோல இருந்தது. "கிடைச்சுடுச்சு. சைக்கிள் ரெண்டும் இருக்கட்டும்" என்றாள். அத்தான் பின்னாலேயே அடுப்படிவரை போனார். "ஏம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆத்துக்கு மேற்காலயா, கிழக்காலயா?" அக்கா குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். சொந்தப் புருஷனாக இருந்தாலும் புகாரை அலுவலக நேரத்தில்தான் எடுப்பாளாம்.

எங்கே போனாள் என்பது இன்றுவரை அத்தானுக்குத் தெரியாது. மதகு, தோப்பு, படித்துறை என்று தேடிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும். பேருந்து நிலையத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய நாற்சந்தி. ஆமாம், சாதாரண நாளில் கடப்பதற்குள் பாதி ஆயுள் போகுமே, அதேதான். ஊர்க் காரெல்லாம் ஆற்றங்கரையில் முட்டிக்கொண்டு நின்ற அந்தக் காலையில், அங்கே ஒரு வண்டி கிடையாது, ஒரு ஆள் கிடையாது. அக்கா நடுத்திட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். சிக்னல் தன்பாட்டுக்குச் சிவந்து, மஞ்சளாகி, பச்சையாகியிருக்கிறது. ஒரு புறா பச்சை விழும்வரை காத்திருந்து, கோடு பார்த்து நடந்து, சாலையைக் கடந்திருக்கிறது.

"உன்கிட்ட மட்டும்தான்டா சொல்றேன். வெளியில விட்டுடாதே" என்றாள் அக்கா. நான் விடவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்ப்பேன். நடுத்திட்டைச் சுற்றி ஹெல்மெட்டுகள் தெரிந்தால் யாரைத் தேடுவது என்று எனக்குத் தெரியும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால், இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் மனதில் ஒரு முகம் வந்ததே, பாவம், ரொம்ப நல்லவர், வேறு யாரிடமும் சொல்லமாட்டார், அவரிடம் மட்டும் சொன்னால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று தோன்றியதே?

அத்தானும் அப்படித்தான் ஆரம்பித்தார்.