திறந்த பகுதிக்கு ஒரு பூட்டு

வடகோடிப் பனிநாட்டில் ஔலு நகரத்துக் கைபேசி நிறுவனம் ஒன்று, தான் வெளியிடப்போகும் புது லினக்ஸ் கைபேசி முழுக்க முழுக்கத் திறந்ததாக இருக்கும் என்று உலகத்துக்கு அறிவித்தது. எவ்வளவு திறந்தது என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. அதைத் தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். குழு கூடும் அறைக்கு மூன்று பூட்டுப் போட்டார்கள்.

அந்தக் கைபேசிக்கு நிரல் எழுதியவர்களில் ஓர்வோவும் ஒருவன். தங்கமான மனுஷன். வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும், அதுவும் எழுத்தில் மட்டும். கைபேசிகளைப் பிரித்து மேய்கிற ஆர்வலர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் பட்டியல் இருந்தது. அதை நடத்தியவள் கெமி ஊர்க்காரி அவுனே. தொழில், குழாய் ரிப்பேர். பொழுதுபோக்கு, பூட்டிக் கிடக்கும் மென்பொருளைத் திறப்பது.

அவுனே ஒரு நாள் எழுதினாள்: "ஓர்வோ, சுத்தி வளைக்காம சொல்லு. உங்க போனைக் காசு கொடுத்து வாங்குறவனுக்கு அதோட சாவி உண்டா, இல்லையா?"

சாவி என்றால் கைபேசிக்குள் எதை வேண்டுமானாலும் மாற்ற விடும் கடவுச்சொல். ஓர்வோ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "உண்டு. நானே கடையில ஒண்ணு வாங்குவேன். அதுக்குச் சாவி வரலைன்னா, வர்ற வரைக்கும் காப்பியைத் தொட மாட்டேன்."

பட்டியல் அதிர்ந்துபோனது. பனிக்கட்டியில் துளை போட்டு அம்மணமாகக் குதிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் சட்டை செய்திருக்க மாட்டார்கள். அந்த ஊரில் அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. காப்பி அப்படியா? ஓர்வோ நாளுக்கு ஒன்பது கோப்பை குடிப்பவன். அவன் அம்மாவே போன் செய்து, "புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சாடா?" என்று கேட்டாள்.

திறந்தநிலைத் துறை இயக்குநர் ரைமோ, விஷயம் மிக முக்கியமானது என்பதால் கூட்டத்தைச் சவுனாவில் வைத்தார். நீராவி அறையில் உடுப்பும் கிடையாது, பதவியும் கிடையாது. திறந்தநிலையைப் பற்றிப் பேச அதைவிட உகந்த இடம் ஏது? ஒரே ஒரு சிக்கல். சவுனாவில் பெண்களுக்கு நான்கு மணி, ஆண்களுக்கு ஐந்து மணி. ஆகவே குழு இரண்டு அமர்வாகக் கூடியது.

நான்கு மணிக்குக் குழுவின் ஒரே பெண் உறுப்பினர், சட்ட ஆலோசகர் மர்க்கெத்தா, தனியாக உட்கார்ந்து வியர்த்தாள். வாங்குபவருக்குச் சாவி கொடுக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டு, குளித்துக் கிளம்பினாள்.

ஐந்து மணிக்கு ஓர்வோ உட்பட ஆண்கள் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தார்கள். "சாவியைக் கொடுத்துடலாமா?" என்று ஓர்வோ கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. ரைமோ சூடான கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றினார். கல் மட்டும் ஏதோ சொன்னது. பத்து நிமிஷம் கழித்தும் ஒருவரும் பேசாததால், வழக்கப்படி அது ஏகமனதான சம்மதம் என்று பதிவானது.

மறுநாள் இரண்டு தீர்மானமும் ஒரே மேஜைக்கு வந்தன. இரண்டும் ஏகமனது, இரண்டும் செல்லும்.

"ரெண்டையும் எப்படி நிறைவேத்துறது?" என்றான் ஓர்வோ.

"கைபேசியை ரெண்டாப் பிரிச்சுடலாம்," என்றாள் மர்க்கெத்தா. "திறந்த பகுதி, மூடிய பகுதி. சாவி திறந்த பகுதியைத் திறக்கும்."

"அம்மா தாயே, திறந்த பகுதிக்குப் பூட்டே கிடையாதே."

மர்க்கெத்தா ரைமோவைப் பார்த்தாள். ரைமோ குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். திறந்த பகுதிக்கு ஒரு பூட்டு செய்யும் பணி அன்றே ஓர்வோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவன் தலையில் அடித்துக்கொண்டு ஆறு வாரத்தில் செய்து முடித்தான். சும்மா சொல்லக் கூடாது, அருமையான பூட்டு.

அக்டோபர் கடைசி வாரம் கைபேசி வெளியானது. ஓர்வோ வரிசையில் நின்று ஒன்று வாங்கினான். பெட்டிக்குள் வழவழப்பான அட்டையில் சாவி இருந்தது. காப்பியை ஊற்றி, பக்கத்தில் ஏலக்காய் ரொட்டியை வைத்துக்கொண்டு, "சாவி வந்தாச்சு" என்று பட்டியலுக்கு எழுதினான்.

"எதைத் திறக்குது?" என்று அவுனே கேட்டாள்.

"திறந்த பகுதியை."

"கோப்பையைக் கீழே வை ராசா."

வைத்துவிட்டான். பாவம், ரொட்டியை வெந்நீரில் தோய்த்துத் தின்றான்.

அந்த ஞாயிறு, குளிர்காலத்துக்காக நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள். கைபேசி விடியற்காலை நான்கு மணியை மூன்றாக மாற்றியது. மறுபடி நான்கு ஆனதும், ஏற்கெனவே மாற்றியதை மறந்து, மறுபடி மூன்றாக்கியது. திங்கட்கிழமை ஊரெல்லாம் அலுவலகத்தில் இருந்தபோது, பன்னிரண்டாயிரம் கைபேசிகள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. வாங்கியவர்களில் பாதிப் பேர் வேலைக்கே வரவில்லை. கைபேசி இன்னும் ஞாயிறு என்கிறதே என்றார்கள்.

"கடிகாரம் மூடிய பகுதியில இருக்கு," என்றான் ஓர்வோ. "அதைத் திறக்கிற தலைமைச் சாவியைக் கொடுங்க, ரெண்டு வரியில சரி பண்ணிடறேன். எங்கே வெச்சிருக்கீங்க?"

"ரொம்பப் பத்திரமான இடத்துல," என்றார் ரைமோ. "உலகத்துலயே யாராலும் திறக்க முடியாத இடம்."

"எது?"

ரைமோ தன் புதுக் கைபேசியை எடுத்து மேஜையில் வைத்தார். அது தலைமைச் சாவியைக் கேட்டது.

வேறு வழியில்லை. அனுமதியின்றிக் கைபேசியைத் திறப்போர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்ற அறிவிப்பின் கீழேயே, யாராவது தயவுசெய்து திறந்து தருமாறு நிறுவனம் பணிவன்புடன் வேண்டிக்கொண்டது. அவுனே ஒரு வீட்டுக் கழிவறைக்கும் இன்னொரு வீட்டுக் கொதிகலனுக்கும் நடுவே, நாற்பது நிமிஷத்தில் திறந்துவிட்டாள். மறுநாள் குழாய்ப் பையோடு ரயிலேறி ஔலுவுக்கு வந்து, கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்தாள்.

ஓர்வோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீ மகராசியா இருக்கணும். எந்த வழியா உள்ளே போனே? சொல்லு, ஊருக்கெல்லாம் சொல்லிடறேன்."

அவுனே பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். "முதல்ல இதுல கையெழுத்துப் போடு. வழியை வெளியே சொல்ல மாட்டேன்னு."

"என்னது? திறந்தநிலை, திறந்தநிலைன்னு மூணு வருஷமா கத்தினது நீதானே?"

"அதைக் காப்பாத்தத்தான் இது. வெளியே சொன்னா உங்க ஆளுங்க ஓட்டையை அடைச்சுடுவாங்க. பட்டியல்ல வோட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டோம்."

மர்க்கெத்தா காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள் மனசார. தான் நிறுவனத்துக்கு எழுதிய ரகசிய ஒப்பந்தத்திலிருந்து வரிக்கு வரி எடுத்தது என்பதை அவள் சொல்லவில்லை.

ஓர்வோ தன் கைபேசியை நீட்டினான். "வழி வேணாம். இதோ, நான் காசு கொடுத்து வாங்கினது. இது ஒண்ணுக்கு மட்டும் சாவியைப் போட்டுக் கொடு. காப்பி குடிச்சு ஒன்பது நாளாச்சு அவுனே."

அவுனேவுக்கு மனசு இளகிவிட்டது. அவன் தோளைத் தட்டி, ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தாள். "உனக்கு இல்லாத சாவியா? விண்ணப்பத்தை நிரப்பிக் கொடு. எங்க குழு பார்த்துச் சொல்லும்."

"குழு எப்போ கூடும்?"

"சனிக்கிழமை, கெமியில, சவுனாவுல," என்றாள் அவுனே. "பெண்கள் நாலு மணிக்கு, ஆண்கள் அஞ்சு மணிக்கு."