நாலு ஜக்குக்கு ஒரு ஜக்கு

வேதியியலில் கல்லூரி முதல் மாணவியாக வந்த ஒருத்தி உங்கள் பெயிண்டைக் கலந்து தருகிறேன் என்று வந்தால், வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அப்படி வந்தவள் நான்தான்.

ஒரகடத்தில், லாரி சீட்டுக்கு அடியில் வரும் இரும்பு பிராக்கெட் செய்யும் கம்பெனி ஒன்றில், பெயிண்ட் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ், கழுத்தில் அடையாள அட்டை. வீடு திரும்பிய பிறகும் அதைக் கழற்றாமல் காய்கறி வாங்கப் போவேன். (தக்காளிக்காரர் மரியாதை தருவார் என்று எண்ணம். தரவில்லை.)

அங்கே பெயிண்ட் கலப்பது செல்வி அக்கா. படப்பைப் பக்கம் ஊர், கான்ட்ராக்ட் வேலை, ஆறு வருடமாக அதே மேஜை. கருப்புப் பெயிண்ட் நாலு பங்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு பங்கு. தராசில் எடை போட்டுத்தான் கலப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்பார். நான் தடுக்கவில்லை.

அன்று காலை தராசைச் சரிபார்ப்பதற்கு எடுத்துப் போய்விட்டார்கள். மதியத்துக்கு மேல்தான் வரும். சாயங்காலமோ, சரக்கைப் பார்க்க வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தராசு வரட்டும், அப்புறம் வேகமாக அடித்துவிடலாம் என்றார் செல்வி அக்கா. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். எனக்கு உள்ளே மணி அடித்தது. இதற்காகத்தானே மூன்று வருடம் படித்தோம் என்று லேபிலிருந்து இரண்டு அளவு ஜக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

செல்வி அக்கா ஒரு கையில் பெயிண்ட் டின்னையும் மறு கையில் அதே அளவு ஹார்டனர் டின்னையும் எடுத்துப் பார்த்தார்.

"மேடம், இது கனமா கீது, அது லேசா கீது. ரெண்டையும் ஜக்குல அளந்தா எப்பிடி சரியா வரும்?"

அடர்த்தி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. நான் அதே கேள்விக்குப் பரீட்சையில் பஞ்சையும் இரும்பையும் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவள். வாங்கியதோடு சரி. ஒரு பங்கு என்றால் ஒரு பங்கு, கிலோவானாலும் லிட்டரானாலும் விகிதம் மாறாது என்று அவருக்கு வகுப்பெடுத்தேன். (தண்ணீரைத் தவிர உலகத்தில் வேறு திரவமே இல்லாததுபோல.)

அவர் இரண்டு டின்னையும் மேஜையில் வைத்தார். பிறகு, "அப்ப ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னால் போதாதா, உங்களுக்கு எழுத்தில் வேறு வேண்டுமா என்று கேட்டேன். சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. நான் குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, சொட்டுக் கூடாமல் குறையாமல் அளந்து கொடுத்தேன். அவ்வளவு துல்லியமாக ஒரு தப்பை அந்தக் கம்பெனியில் அதற்கு முன் யாரும் செய்திருக்க மாட்டார்கள். கலந்து முடித்து, பதிவேட்டில் வழக்கம்போல செல்வி அக்கா கையெழுத்துப் போட்டார்.

ஹார்டனர் போதாத பெயிண்ட், காயவைக்கும் அடுப்பிலிருந்து வெளியே வரும்போது நன்றாகத்தான் பளபளத்தது. வெள்ளை ஃபோம் சுற்றி அடுக்கிவிட்டார்கள். சாயங்காலம் வந்த அதிகாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஃபோம் பிரியவில்லை, பிய்ந்தது. பிராக்கெட் முழுக்க வெள்ளை ரோமம், பாதி கத்தரித்த ஆட்டைப்போல. கீழே வைக்கப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை, கையுறை அதோடு போய்விட்டது. பதற்றத்தில் எங்கள் மேனேஜர் பின்னால் நகர்ந்து, இன்னும் சுற்றாத பிராக்கெட்டுகள் தொங்கிய ரேக்கில் சாய்ந்தார். திரும்பியபோது வெள்ளைச் சட்டையின் முதுகில் கருப்பாக ஒரு ஏணி.

யாரும் சிரிக்கவில்லை. வந்தவர்கள் போன பிறகு மேனேஜர் பதிவேட்டைத் திறந்து, கலந்தது யார் என்று கேட்டார்.

"மேடம் அளந்து குடுத்தாங்க சார்" என்றார் செல்வி அக்கா.

மேனேஜர் என்னைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். நான் வேலையில் நிரந்தரமாக இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது.

"நான் விகிதத்தைத்தான் சார் சொன்னேன். எடையா, அளவான்னு அவங்களுக்குத் தெரியும்னு நெனைச்சேன்" என்றேன்.

செல்வி அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்கில் சரியாக வராத ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, டின்களை மூடப் போய்விட்டார். மறுநாள் காலை கேட்டில் அவர் அட்டை வேலை செய்யவில்லை. கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பியிருந்தார்.

எட்டு மாதம் கழித்துப் படப்பையில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். உள்ளே அவர். நகர்ந்து இடம் கொடுத்தார். பர்மனென்ட் ஆயிட்டீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லது மேடம் என்றார். இப்போது என்ன வேலை, எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் பர்ஸில் சில்லறை தேடினேன். அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிவிட்டார்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடம். எங்கள் வீட்டில் எண்ணெய் வாங்கினாலும் பால் வாங்கினாலும், "கிலோவா லிட்டரா, கெமிஸ்ட்ரி மேடத்தைக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவார் என் கணவர். விருந்தாளி வந்தால் ஆட்டு ரோமமும் மேனேஜர் முதுகும் கட்டாயம் உண்டு. அந்தக் கதையில் செல்வி அக்கா கிடையாது. நானே கலந்தேன், நானே கெடுத்தேன் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டிய அன்றைக்குச் சொல்லாததைச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு தாராளமாகச் சொல்ல முடிகிறது.

போன வாரம் மகள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அப்ப உன்னை வேலைய விட்டு அனுப்பலையாம்மா?"

"இல்ல."

"ரொம்ப நல்ல கம்பெனிம்மா" என்றாள்.