சிரித்துவிட்டு உள்ளே போங்கள்

எங்கள் பக்கத்து ஊர்களில் ஒருவர் வருத்தமென்று படுத்துவிட்டால் அவருக்குக் கிடைக்காத ஒரே பொருள் ஓய்வுதான். நோயாளியைப் பார்க்கப் போவது நன்மையான காரியம். அந்த நன்மையைக் கைவிட கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை ஒருவரும் தயாரில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் மோல்ட் மா பக்கற், தோடம்பழம், பிஸ்கட் சகிதம் வந்துவிடுவார்கள். வந்து, கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதே வருத்தத்தில் உயிர் போய் மௌத்தான யாராவது ஒருவரின் கதையை நிதானமாகச் சொல்வார்கள்.

என் மாமனார் ஆதம்பாவாவுக்கு இருதயத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்து, கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த வாரம் வீடு அப்படித்தான் நிரம்பியது. முதலில் வந்த பள்ளிவாசல் தெருக்காரர் ஒருவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எங்கட மச்சானும் ஒங்களப் போலத்தான். நல்லாக் கதச்சிட்டிருந்தாரு. ஒரு பிளேன்ட்டி தாங்க எண்டு கேட்டாரு. ஊத்திக் கொண்டு வாறத்துக்குள்ள முடிஞ்சி."

அதன் பிறகு மாமா பிளேன்ட்டி என்கிற வெறுந்தேநீரைக் கேட்பதையே நிறுத்திவிட்டார். (மாமி தானாகக் கொண்டுவந்து கொடுத்தாலும், "நான் கேக்கல்ல, நீதான் தந்த" என்று உறுதிப்படுத்திவிட்டுத்தான் குடிப்பார்.)

இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்க அந்த வீட்டில் ஒரு வீரன் இருந்தான். அது நான்தான்.

நான் அரசாங்க அலுவலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். என்னை அபிவிருத்தி செய்வதற்காக அந்த மாதம் ஒரு செயலமர்வுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றாடப் பழக்கங்களால் மனதை நல்ல பக்கம் திருப்புவது எப்படி என்பதுதான் தலைப்பு. கழுத்துப்பட்டி கட்டிய வளவாளர் ஒருவர் வந்து மாலை வரை கதைத்தார். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று சிரிக்க வேண்டும். பசியாறும் முன் மூன்று நல்ல விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயம், கஷ்டம், ஏலாது போன்ற சொற்களை நாக்கில் வைக்கக் கூடாது. அழுது புலம்புகிறவர்களைக் கிட்டே சேர்க்கக் கூடாது.

மற்றவர்கள் பகல் சாப்பாட்டோடு மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது தேவையாக இருந்தது. தொலைபேசி அடித்தால் யாருக்கு என்ன ஆனதோ என்று நெஞ்சு பதறுகிற ஆள் நான். கண்ணாடி முன் சிரிக்கத் தொடங்கியதிலிருந்து பதற்றம் கொஞ்சம் குறைந்திருந்தது. குறைந்ததோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கிடைத்த வெளிச்சத்தை ஊருக்கெல்லாம் அடிக்க வேண்டுமென்று ஆசை வந்துவிட்டது.

முதல் பலி என் மனைவி ஷிஃப்னா. குசினிக் கூரை ஒழுகி அடுப்பு நனைந்தபோது, "மழை நம் வீட்டைத் தேடி வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"ஓம். வாளிய எடுத்து வெச்சிட்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க" என்றாள்.

இந்த நிலையில்தான் மாமாவின் பொறுப்பை நான் கையில் எடுத்தேன். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஷிஃப்னாவின் ஸ்கூட்டி நிற்கும். அதன் அருகே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களை மறித்துச் சட்டம் சொன்னேன்: உள்ளே போகும்போது முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும். ஒருவருடைய மௌத்தையும் சொல்லக் கூடாது. சத்திரசிகிச்சை என்ற சொல்லே வரக் கூடாது; கொழும்புப் பயணம் என்று சொல்ல வேண்டும். சிலர் சிரித்தார்கள். சிலர் முறைத்துவிட்டு மோல்ட் மா பக்கற்றோடு திரும்பிப் போனார்கள்.

கொடுமை என்னவென்றால், சட்டத்தை முதலில் மீறியவர் மாமாதான். வருகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, "நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க, மனசால மஆப் பண்ணுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் பெரிய சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களும் அப்படிக் கேட்பது எங்களுக்குள் இருக்கிற வழக்கம். எனக்கு அது மௌத்தாகப் போகிறவர் பேச்சாகப் பட்டது.

"மாமா, மஆப் எல்லாம் கேட்காதீங்க. போயிட்டு வந்து சந்திப்போம் எண்டு மட்டும் சொல்லுங்க."

"சரி மருமகன்" என்று மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் ஆறுதலடைந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று பகல் மாமி என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவரு கேட்டையே பாத்துக்கிட்டிரிக்காரு, மருமகன். தம்பி வருவாரெண்டு. ஆள் விட்டுச் சலாமும் சொல்லி அனுப்பின. வரல்ல."

மாமாவுக்கு ஒரே ஒரு தம்பி, சம்மாந்துறையில் இருந்தார். பெயர் உதுமாலெவ்வை; ஷிஃப்னாவுக்குச் சாச்சா. அண்ணன் தம்பி வயல்கள் அடுத்தடுத்து. இரண்டு வயலுக்கும் நடுவிலுள்ள வரம்பில் தண்ணீர் பாய வெட்டிவிடும் சிறிய வாயை வக்கடை என்போம். அந்த வக்கடையைத் திறந்தது யார், அடைத்தது யார் என்பதில் வந்த சண்டை. நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருவதற்கு முன்பே பேச்சு அறுந்துவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. எனவே நான் அவரைப் பார்த்ததே கிடையாது. காக்கா என்று கூப்பிடும் அண்ணனோடு இத்தனை காலம் கதைக்காமல் இருக்கிறவர் மீசையை முறுக்கிக்கொண்டு வருவார் என்று ஒரு கற்பனை மட்டும் என்னிடம் இருந்தது.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு கேட்டுக்கு வெளியே ஒரு மெலிந்த மனிதர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாரன் ஓரத்தில் வயல் சேறு. கையில் மூடியிட்ட பெயின்ட் வாளி. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மாமாவுக்குப் பயணம். இந்த முகத்தை உள்ளே விட்டால் என் ஒரு வார உழைப்பும் பாழ் என்று எனக்குப் பட்டது.

"ஆரு நீங்க?" என்றேன்.

"பக்கத்து வயல்காரன்..." அதற்கு மேல் அவருக்குக் குரல் வரவில்லை.

"இந்த முகத்தோட உள்ள போக ஏலா வாப்பா. அவருக்கு இருதய வருத்தம். உங்கட அழுகையப் பாத்தா அவருக்கு என்ன ஆகும்? சிரிச்ச முகத்தோட போகணும்."

அவர் பயந்துபோய்த் தலையாட்டினார். அத்தோடு விட்டேனா? ஸ்கூட்டியின் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, "இதப் பாத்துச் சிரிச்சிப் பழகுங்க. நான் சொல்லித் தாறன்" என்றேன்.

அந்த மனிதர் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். உதட்டை இழுத்தார். ஒரு பக்கம் மட்டும் வந்தது. "இன்னும் கொஞ்சம்" என்று உற்சாகப்படுத்தினேன். மறுபடி முயன்றார். உதடு நடுங்கியது. தோள் குலுங்கியது. சாரனைத் தூக்கி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஏலாது மனே" என்றார்.

(ஏலாது என்பது தடைசெய்யப்பட்ட சொல். அதையும் நான் சுட்டிக்காட்டினேன். அந்த நேரத்தில் என் கன்னத்தில் ஒன்று போட அவ்விடத்தில் யாருமே இல்லாமல் போனது என் துர்ப்பாக்கியம்.)

"அப்ப மறுகா ஒரு நாளைக்கு வாங்க. மனசு தெளிஞ்சாப் பிறகு" என்றேன். அவர் வாளியை என் காலடியில் வைத்தார். "அவருக்குக் குடுங்க" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார், ஏறவில்லை.

கடமையை முடித்த களைப்போடு வாளியை உள்ளே கொண்டுபோய், அழுதவர் ஒருவரைத் தடுத்து நிறுத்திய சாதனையை மாமாவிடம் விவரித்தேன். மூடியைத் திறந்தேன். இரண்டு விரால் மீன்கள், உயிரோடு, சேற்றுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கிடந்தன.

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் வாய்க்காலில் இறங்கி இவருக்கு விரால் பிடித்துக் கொடுத்தது ஒரே ஒருவர்தான் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாத விஷயம்.

"அவருக்கு இவடத்த தழும்பு இரிக்கா?" என்று புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

இருந்தது. மூக்கும் மாமாவின் மூக்குத்தான். கண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் அந்த மூக்கைப் பார்க்கவில்லை.

மாமா சத்தமாக அழுதார். இத்தனை நாளும் அடக்கிவைத்த அழுகை. குசினியிலிருந்து மாமி "யா அல்லாஹ்" என்று ஓடிவந்தார். பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது: "மாமா, நல்லதையே நினைங்க..."

"இனி ஒரு சொல்லுக் கதச்சீங்க எண்டா, வாளிக்குள்ளதான் ஒங்கட தல" என்றாள் ஷிஃப்னா. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவான். கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க எனக்கு அங்கே சொந்தமாக ஒரு மூலைகூடக் கிடையாது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சம்மாந்துறைக்குப் பறந்தேன்.

சாச்சா வீட்டு விறாந்தையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரை தந்தார். திட்டுவார், அடிப்பார் என்று தயாராகத்தான் போனேன். அவர் குரலில் துளி கோபம் இல்லை.

"சாச்சா, என்னப் பொறுத்துக்கங்க. வாங்க, இப்பவே போவம். மாமா பாத்துக்கிட்டிரிக்காரு."

"இல்ல மருமகன். நீங்க சொன்னது சரிதான். காக்காட மூஞ்சக் கண்டா எனக்கு அழுகதான் வரும். அதப் பாத்து அவருக்கு நெஞ்சுக்குள்ள ஏதும் ஆகிட்டா? இத்தின வருசமும் நான் செஞ்சது போதும்."

"அழுதாப் பரவால்ல சாச்சா."

"அதப் படிச்ச ஆக்கள்தானே சொல்லித் தந்திரிக்காங்க. நான் இன்னும் சிரிக்கப் பழகல்ல."

உள்ளே கண்ணாடி ஒன்றைச் சுவரில் பார்த்தேன். அவர் வீடு வந்து அதன் முன் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்டு நடந்த முதல் மனிதர் அவர். எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். அண்ணன் தம்பி முகம் பாராமலே மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கேட்டை நான் எப்படித் தாண்டுவேன் என்று பயந்தேன். நாக்கில் வைக்கக் கூடாத எல்லாச் சொற்களும் நாக்கில் வந்தன.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு வான் வந்தது. மாமாவை ஏற்றினோம். சாரதி கல்முனைப் பக்கம் திருப்பும்போது மாமா முன் இருக்கையைத் தட்டினார்.

"சம்மாந்துறைக்கு விடுங்க."

"மாமா, டொக்டர் களைக்கக் கூடாதெண்டு..." என்று தொடங்கி, ஷிஃப்னாவின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

வான் நின்றபோது சாச்சா வெளியே வந்தார். மாமாவைக் கண்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் திரும்பப் பார்த்தார்.

"டேய் உதுமான்! எங்க போறாய்? அழுறதெண்டா இஞ்ச வந்து அழு!"

அவ்வளவுதான். வான் கதவில் மாமா உட்கார்ந்திருக்க, சாச்சா மண்ணில் மண்டியிட்டு அவர் மடியில் முகம் புதைத்தார். மஆப் கேட்டதில் யார் முந்தியது என்று எனக்குத் தெரியாது.

"வக்கடையத் தொறந்தது நான்தான் காக்கா."

"இல்லடா. அதுக்கு முதல்ல அடச்சது நான்."

"இல்ல, பிழ என்னிலதான்."

"மூத்தவன் நான் சொல்றன், பிழ என்னில!"

பிழை யாருடையது என்பதில் மறுபடியும் சண்டை வந்துவிடுமோ என்று பயந்த சாரதி ஹோர்ன் அடித்தார். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமிக்கிட்ட பிளாஸ்க்ல பிளேன்ட்டி இரிக்கா எண்டு கேளுங்க மருமகன். எனக்கு ஒண்டு வேணும்" என்றார். அந்த வாரத்தில் அவராகவே கேட்ட முதல் பிளேன்ட்டி அது. சாச்சாவும் அதில் பாதியைக் குடித்தார்.

மாமா நலமாகத் திரும்பிவந்தார். நானும் பழக்கங்களை முழுதாக விடவில்லை. காலையில் மூன்று நல்ல விஷயங்கள் இப்போதும் சொல்கிறேன், மெதுவாக, எனக்குள். கண்ணாடிச் சிரிப்பை மட்டும் குடும்பம் எடுத்துக்கொண்டது. பிள்ளை விழுந்து அழுதாலும், மாமி வெங்காயம் வெட்டினாலும், "கண்ணாடி பாத்தாச்சா?" என்பார்கள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "அந்த ஸ்கூட்டி மாப்பிள்ள நீங்கதானா?" என்று விசாரிக்கிறார்கள்.

சென்ற மாரியில் சாச்சா மௌத்தானார். வருத்தக்காரர் மாமா, போனவர் சாச்சா. செய்தி கேட்டதும் ஓடிப்போனோம். ஜனாஸா வீட்டுக் கேட்டில் என்னால் அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போன அந்த முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன்.

மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் தாடியெல்லாம் ஈரம்.

"இந்த முகத்தோட உள்ள போக ஏலா மருமகன்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்திருந்தது, அன்று அந்தக் கண்ணாடியில் சாச்சாவுக்கு வந்தது போலவே. மற்றப் பக்கம் அவருக்கும் வரவில்லை. என் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் அழுதுகொண்டே உள்ளே போனோம்.