வெயிலில் நின்ற மாதிரிப் போத்தல்

மேன்முறையீட்டுக்கு இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்பப்படல் வேண்டும் என்பது சுற்றறிக்கை. கல்முனையில் அதை உண்மையென்று நம்பிய ஒரே மனிதர் கேஸ் காக்கா.

கடற்கரைப் பக்கம் இஞ்சிச் சோடா செய்து விற்பவர், ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் குமிழி ஏறுவதைப் பார்க்கத் தொடங்கினால், வாங்க வந்தவர் தாகத்தையே மறந்து திரும்பிவிடுவார். மனிதர்களை அவர் இரண்டாகப் பிரித்திருந்தார். சூடு பட்டால் சீனி மனிதர் கரைவார். கேஸ் மனிதர் சோடா வாயுபோலக் கிளம்பிவிடுவார்.

"என்ட மச்சான் தனிக் கேஸ் சேர். குளிர வெச்சி, மூடியையும் இறுக்கினாத்தான் ஊட்டுல நிப்பான்."

"அப்ப நான்?"

"யோசிச்சிச் சொல்றன்."

நான் அப்போது அனுமதிப்பத்திரக் கந்தோரில் தலைமை இலிகிதர். நோன்பு திறக்கும் நேரத்துச் சோடாதான் காக்காவின் வருடப் பிழைப்பு. நோன்பு மாதம் பிறக்குமுன் அனுமதிப்பத்திரம் புதுப்பித்தாக வேண்டும். எங்கள் அலுவலகம் வழியாக ஆய்வுக்குப் போன மாதிரிப் போத்தலோ, "வாயு போதாது" என்று தோற்றுவிட்டது.

காக்கா மேன்முறையீடு எழுதினார். சாட்சிக்கு, தினமும் பதினொரு மணிக்கு ஐஸ் பெட்டியில் ஒரு போத்தல் கொண்டுவந்து திறப்பார். கந்தோரே பெருமூச்சு விட்டதுபோல் இருக்கும்.

"கேக்குதா சேர்? இது போதாதா?"

"எனக்குக் கேட்டு என்ன காக்கா? எழுத்துல வரணுமே."

சாட்சியைக் குடிப்பது என் கடமையாயிற்று. குமிழி மூக்கில் ஏற, ஜன்னலுக்கு வெளியே கடல் அரைத் தூக்கத்தில் கிடக்க, கோப்புகள்கூட மெல்ல மிதப்பதுபோல் தோன்றும்.

வாரங்கள் போயின. ஒருநாள் காக்கா ஜன்னல் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் கொதித்துக் கிடந்தது.

"மாதிரிப் போத்தல இஞ்சயா சேர் வெச்சீங்க?"

"ஓம். மூணு நாள்."

முத்திரைக்கு முன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி, பார்த்தேன். குளிரில் வைக்க வேண்டும் என்று விதி இல்லை, வைக்கவில்லை.

காக்கா சத்தமில்லாமல் சிரித்தார்.

"இத நான் ஒருத்தருட்டயும் கதைக்க மாட்டன். இப்பதான் விளங்குது, நீங்க உப்பு சேர். சூடோ குளிரோ, கரையிறது ஒரே அளவுதான்."

அன்று பின்னேரம், என் உத்தியோக காலத்தில் முதன்முறையாக, "பிழை என்னுடையது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மறு ஆய்வுக்கான போத்தலை ஐஸ் பெட்டியோடு மடியில் வைத்து, நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். அதற்கு விதி ஏதும் இல்லை.

அனுமதிப்பத்திரம் வந்தபோது ஊரே நோன்பின் தலைப்பிறை தேடி வானத்தைப் பார்த்து நின்றது. காக்கா மட்டும் எனக்காக ஒரு போத்தலைக் குளிர வைத்துக் காத்திருந்தார். அன்று நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம் இருபத்தொன்பது.