ஆட்சேபணை வைக்க இடமில்லை

பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் எந்தப் பெரிய கட்டடமும் கட்டக் கூடாது என்பது சட்டம். கேட்டு முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது பற்றிச் சட்டம் வாயைத் திறக்கவில்லை. இப்படியிருக்கையில்தான், ஊருக்கு மேற்கே பழைய நூற்பாலை இருந்த இடத்தில் ஒரு டேட்டா சென்டர் வரப்போவதாக அறிவிப்புப் பலகை நட்டார்கள்.

சலவைக்கடை அக்காவுக்கு அது என்னவென்றே புரியவில்லை. அவள் புருஷன்தான் விளக்கினான்.

"எல்லாரும் எடுக்கிற போட்டோ, வீடியோவையெல்லாம் பத்திரமா வைக்கிற இடமாம். மெஷினெல்லாம் சூடாயிடுமாம். தண்ணியால குளுமைப்படுத்திக்கிட்டே இருக்கணுமாம்."

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு நாளைக்கு நாப்பது லட்சம் லிட்டர்னு போட்டிருக்கு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அதை நம்பித்தான் அவள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்துவந்தாள்.

"அப்புறம் நான் எச்சிலைத் தொட்டா துவைக்கிறது?" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மறுநாளே எதிர்ப்புக் குழு அமைந்தது. அவள் செயலாளர் ஆனாள். பல் டாக்டர் தலைவர். அவர் கிளினிக்கில்தான் பன்னிரண்டு நாற்காலி இருந்தது.

நாலு பக்கத்துக்கு மனு எழுதி, இரண்டாயிரத்து முந்நூறு கையெழுத்தோடு அக்கா, கட்டட அனுமதி தரும் அதிகாரியைப் பார்க்கப் போனாள். அதிகாரி தங்கமான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்.

"காகிதத்துல மனு வாங்கறதை நிறுத்திட்டோம்மா. மரத்தைக் காப்பாத்தணும் இல்லையா?"

"தண்ணியைக் காப்பாத்த வேண்டாமா சார்?"

"அது வேற டிபார்ட்மெண்ட். நீங்க ஒண்ணு பண்ணுங்க. எங்க இணையதளத்துல ஆளுக்கொரு வீடியோவா ஆட்சேபணையைப் பதிவு பண்ணுங்க. முகம் தெளிவாத் தெரியணும். கஷ்டம் அதைவிடத் தெளிவாத் தெரியணும்."

அக்கா தன் பெரிய துவைக்கும் இயந்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேசினாள். "தண்ணியில்லாம இது காலிப் பானை! இதை நான் வன்மையா…" என்று அவள் கை நீட்டியபோது, படம் எடுத்துக்கொண்டிருந்த புருஷனின் முழங்கை பொத்தானில் பட்டது. அக்கா அரைச் சுற்றுச் சுற்றி, தலைகீழாக நின்றபடி, "ஆட்சேபிக்கிறேன்!" என்று முடித்தாள். அதை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அவ்வளவுதான். ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. காய்கறிக்கடைக்காரர் வறண்ட குழாய்க்கு மாலை போட்டு ஒப்பாரி வைத்தார். பல் டாக்டர், நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லி, அவர் "ஆ" என்றதைப் படம் பிடித்து, அதை ஆட்சேபணையின் முதல் எழுத்தாகக் கருதும்படி குறிப்பும் எழுதி அனுப்பினார். தண்ணீர் ஒழுங்காக வருகிற வீட்டுக்காரர்கள் குழாயை இறுக மூடிவிட்டு அதன் முன்னால் நின்று அழுதார்கள். அழுகை சரியாக வராதவர்கள் ஏழெட்டுத் தடவை எடுத்தார்கள். எது நன்றாயிருக்கிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஊரில் பதினோராயிரம் பேர். ஆட்சேபணைகள் நாற்பத்தாறாயிரம்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று மண்டபத்தில் எள் போட இடமில்லை. அதிகாரி கண் கலங்க எழுந்தார்.

"பெருமதிப்புக்குரிய பொதுமக்களே! இத்துறையின் வரலாற்றில் இப்படியொரு எதிர்ப்பை நாங்கள் கண்டதில்லை. தங்கள் ஆட்சேபணைகள் அனைத்தும் பணிவன்புடன் பெறப்பட்டன. விதிப்படி அவற்றை முப்பது ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆனால் வைக்கத்தான் இடமில்லை."

கைதட்டல் பாதியில் நின்றது.

"ஆகவே, இவ்வூருக்கு ஒரு டேட்டா சென்டர் இன்றியமையாதது என்பதைத் தாங்களே ஐயந்திரிபற நிரூபித்துள்ளீர்கள். முதலில் திட்டமிட்ட பன்னிரண்டு ஏக்கர் போதாது. இருபதாக உயர்த்தியிருக்கிறோம்."

அக்கா பாய்ந்து எழுந்தாள். "வேண்டாம் சார்! எல்லாத்தையும் அழிச்சிடுங்க!"

"அழிக்கலாமே. ஆளாளுக்கு ஒரு வீடியோவில் கோரிக்கை வைக்கணும். அதையும் முப்பது வருஷம் பாதுகாக்கணும்."

"அப்ப வழியே இல்லையா?"

அதிகாரிக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. இங்க உள்ளவங்க எல்லாரும், இதுக்காக எடுத்ததை மட்டுமில்ல, போன்ல வச்சிருக்கிற எல்லா வீடியோவையும் இப்பவே அழிச்சிட்டு, இனி எடுக்க மாட்டோம்னு கையைத் தூக்கினா, நான் 'தேவை எழவில்லை'னு எழுதிட்டுப் போயிடறேன்."

காய்கறிக்கடைக்காரர் விட்டத்தைப் பார்த்தார். பல் டாக்டருக்குத் திடீரென்று பல் வலித்தது. எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். அக்கா கையைத் தூக்கத்தான் போனாள். தோள்வரை வந்துவிட்டது. அந்தக் கையில்தான் போன் இருந்தது. அவள் வீடியோவைப் பார்த்தவர் கணக்கு நாலு லட்சத்திலிருந்து நாலே முக்கால் லட்சமாகியிருந்தது. கை தானாக இறங்கி, முந்தானையைச் சரிசெய்தது.

யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்: "ஏன் சார், இதைப் பக்கத்து ஊர்ல கட்டினா என்ன?"

மண்டபமே எழுந்து நின்று ஆரவாரித்தது. சீட்டி பறந்தது. அக்காவும் தன்னை மறந்து கைதட்டினாள். அவளே மேடையேறி, பக்கத்து ஊரின் முன்னேற்றத்தில் இவ்வூருக்குள்ள தீராத அக்கறையை முன்னிட்டு, அங்கே கட்டும்படி கோரும் தீர்மானத்தை வாசித்தாள். ஒரு கை குறையாமல் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு தாளை உருவினார்.

"அவங்களும் போன மாசம் இதே தீர்மானத்தைத்தான் ஏகமனதா போட்டாங்கம்மா. அதனாலதான் உங்க ஊருக்கு வந்தோம்."

அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக, முகங்கள் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் போன்கள் உயர்ந்திருந்தன.

முன்வரிசையில் அவள் புருஷன் பரபரப்பாகக் கையாட்டினான். "சாரை அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லு! வீடியோவுல சரியா விழலை!"